தவக்காலத்தில ஊதின பலூன்

அண்டைக்கு எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலைதான். மன்னார் பஸ் ஸ்ராண்டில வந்து இறங்கிற மாப்பிள்ளையின்ர தகப்பனை மோட்டச் சைக்கிளில ஏத்திக்கொண்டு எங்கட ஊர் கீரிக்கு வாறது.

மகளின்ர கலியாணப் பேச்சு. இலுப்பைக்கடவையில, இந்தியா அகதி முகாமில இருந்து திரும்பி வந்த குடும்பம். நல்ல பெடியன். மகளுக்கும் விருப்பம். ஆனா தரகர் முதலே சொல்லிப்போட்டார், "குடிகாரன்ர வீட்டில அவை சம்பந்தம் வைக்க மாட்டினம்."

"நான் சாராயத்தை மணந்தும் பாக்கிறேல்ல எண்டு சொல்லுங்கோ" எண்டன்.

அதைக் கேட்டு என்ர மனுசி பாத்த பார்வையை இங்க எழுதேலாது.

தகப்பன்காரன் வெள்ளை வேட்டியோட வந்து இறங்கினார். ஏத்திக்கொண்டு வெளிக்கிட்டன். பாதி வழியில பொலிஸ்.

மறிச்சவர் எனக்கு நல்லாப் பழக்கமான சார்ஜன். பக்கத்தில கொப்பியும் கையுமா ஒரு புது ஐயா. குடிச்சிட்டு ஓடுறவையைப் பிடிக்கப் பொலிஸ் ஒழுங்காப் பலூன் ஊதவிடுறாங்களோ எண்டு பாக்க அரசாங்கம் அனுப்பின ஆள்.

"ஒரு மாசமா வெறியில ஓடின ஒருத்தனும் பிடிபடேல்லையாம். ஊதவிடாமலே பலூனை எறியிறீரோ?" எண்டு ஐயா சார்ஜனை வறுத்துக்கொண்டு நிண்டார்.

"ஐயா, இது தவக்காலம். ஈஸ்டர் வரைக்கும் இந்தச் சனம் குடிக்காது."

"ஊர் முழுக்கக் குடிக்காதோ? ஆருக்குக் காது குத்திறீர்?"

சார்ஜன் பலூனை என்னட்ட நீட்டினார். குடிச்சிருந்தா குழாய்க்குள்ள இருக்கிற மஞ்சள் பச்சையாகும். ஊதினன். மஞ்சள் மஞ்சளாவே இருந்துது.

எனக்குப் பெருமை தாங்கேல்ல. "பின்னால இருக்கிறவருக்கும் ஒருக்காக் காட்டுங்கோ" எண்டன். வாயைப் பொத்திக்கொண்டு போயிருக்கலாம்.

சார்ஜனுக்கு முகம் மலர்ந்துது. "ஐயா, இவரையே பாருங்கோ. போன வருசம் என்னட்டப் பிடிபட்டு லைசென்ஸ் பறிகுடுத்து, இப்பதான் திருப்பி எடுத்தவர். கிறிஸ்மஸுக்குத் தள்ளுசைக்கிளில வந்து, நான் கேக்காமலே ஊதித் தந்தவர். இவரே மஞ்சள் எண்டா, இங்க வேற ஆர் பச்சை?"

"சார்ஜன், ஆளை மாறிக் கதைக்கிறியள்."

"என்ன அண்ணை, உங்கட கையெழுத்தே இருக்குது" எண்டு பிடிபட்டவையின்ர பேர் எழுதின பழைய புத்தகத்தை விரிச்சார். ஐயா வாசிச்சார். பின்னால இருந்தவரும் எட்டி வாசிச்சார்.

"சரி, நம்பிறன்" எண்டார் ஐயா. சார்ஜன் தப்பீட்டார்.

அவரை ஏத்திக்கொண்டு கீரிக்கு ஓடினன். மகளின்ர முகத்தில எப்பிடி முழிக்கிறது? எங்கட வீட்டுக்குப் போற ஒழுங்கை வாசலில நிப்பாட்டினன்.

"நான் தரகரிட்டச் சொன்னது பொய்தான். ஆனா பிள்ளை தங்கம். என்னால அவளை வேண்டாமெண்டு சொல்லிப்போடாதேங்கோ."

அவர் ஒழுங்கையை ரெண்டு பக்கமும் பாத்தார். பிறகு மெல்லமாக் கேட்டார்.

"ஈஸ்டருக்கு இன்னும் எத்தினை நாள்?"

"பன்ரெண்டு."

"பதினொண்டு. நானும் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறன். தரகர் சொன்னது என்ர மனுசி போட்ட கொண்டிசன், என்ர இல்லை."

மகளின்ர கலியாணம் சிறப்பா நடந்துது. இப்ப சம்பந்தியார் கீரிக்கு வந்தா, எங்க போறதெண்டாலும் ரெண்டு பேரும் நடைதான்.