மூன்றாம் திரையில் பகல் காட்சி

கம்ப்யூட்டர் கேட்ட கேள்விக்கு 'ஆம்' என்று அழுத்திய பிறகுதான் ஆபரேட்டர் அக்கா அதைப் படித்தாள்.

'இந்த டிஸ்க்கை ஃபார்மட் செய்யவா?'

அடுத்த நொடியே அடுத்த வரி வந்துவிட்டது. 'முடிந்தது. டிஸ்க் காலியாக உள்ளது.'

கீழே மூன்றாம் திரையில் இருநூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். சுயாதீனத் திரைப்பட விழாவின் கடைசி நாள், பதினொரு மணிக் காட்சி. படத்தின் பெயர் 'அசையாதது'. இயக்குநருக்கு முதல் படம். 'மெல்ல மெல்ல உயிரை உறிஞ்சும் திகில். நூற்றுப் பத்து நிமிடம். வசனம் கிடையாது' என்று விழா மலரில் போட்டிருந்தது. இப்போது படமே கிடையாது.

பதினாறு வருஷமாகப் படம் ஓட்டுகிறவள். போன விழாவில் ஒரு படத்தைத் தலைகீழாக ஓட்டிவிட்டாள். புது முயற்சி என்று நினைத்துக் கால் மணி நேரம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. மானேஜர் மட்டும் அப்படி நினைக்கவில்லை. "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா, நீ இந்த ரூம் பக்கமே வர வேண்டாம்" என்று சொல்லியிருந்தார்.

இன்டர்காமை எடுத்து வாசலுக்கு அடித்தாள். எடுத்தவர் டார்ச் அண்ணன். இருட்டில் விளக்கடித்து இடம் காட்டுகிறவர். சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

"அண்ணே, டைரக்டர் எங்க இருக்காரு பாருங்க. அவர்கிட்ட இன்னொரு காப்பி இருக்கான்னு உடனே கேக்கணும்."

"காலைல வந்து டிஸ்க்கைக் குடுத்தாரேம்மா, அதோட சரி. போனும் சுவிட்ச் ஆஃப். ஏம்மா, குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்ல. தேடுங்க."

கீழே முணுமுணுப்பு கிளம்பியது. கொஞ்சம் அடங்கட்டும் என்று அரங்க விளக்குகளை அணைத்தாள். உடனே எல்லாரும் கைதட்டினார்கள். இருட்டுத் திரையையே நாலு நிமிஷம் மூச்சுவிடாமல் பார்த்தார்கள். முன்வரிசையில் ஒருவர், "கறுப்பிலேயே ஆரம்பிக்கிறான் பாரு, என்ன துணிச்சல்!" என்றார்.

இனி விளக்கைப் போடவும் வழியில்லை. 'மன்னிக்கவும்' என்று ஒரு அட்டையாவது காட்டலாம் என்று கம்ப்யூட்டரில் இருந்ததை அவசரமாக மூடினாள். அதற்குப் பின்னால் திறந்து கிடந்தது கட்டடத்துக் காவல் கேமராவின் படம். பெரிய திரை முழுக்க அதுதான் விரிந்தது.

கீழ்த்தளத்து ஸ்டோர் ரூம். உடைந்த நாற்காலிகள், சுருட்டிய பேனர்கள், வெள்ளை உறை போர்த்திய பழைய சோபாக்கள். மங்கலான ஒரே ஒரு பல்பு.

அரங்கத்திலிருந்து ஒரு பெருமூச்சு எழுந்தது.

மாற்றப் போனவளை இன்டர்காம் நிறுத்தியது. மானேஜர், ரகசியக் குரலில். "சபாஷ்! நடுவர்கள் மூணு பேரும் அப்படியே ஒன்றிப்போய்ப் பாக்குறாங்க. எதையும் தொடாதே. நானும் அவங்க பக்கத்துலதான் உட்காரப் போறேன்."

"சார், அது வந்து..."

வைத்துவிட்டார்.

அப்படியே அரை மணி நேரம் ஓடியது. டார்ச் அண்ணன் மூச்சு வாங்க மேலே வந்தார். "டைரக்டர் எங்கயுமே இல்லம்மா. ஆனா படம் நல்லாப் போகுதே, அப்புறம் எதுக்கு அவரு?"

"அண்ணே, அது படம் இல்ல. நம்ம ஸ்டோர் ரூம்."

அவர் கண்ணாடி வழியாகத் திரையை உற்றுப் பார்த்தார். சிரிக்க வாய் திறந்தார். அப்படியே நின்றுவிட்டார்.

"அந்த சோபா இப்ப அசைஞ்சுச்சும்மா."

"சும்மா இருங்கண்ணே."

சோபா அசையவில்லை. அதன் மேலிருந்த வெள்ளை உறைதான் எழுந்தது. மெதுவாக, ஓர் ஆள் உயரத்துக்கு. கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவரைப் பார்த்தபடி நின்றது. அரங்கத்தில் ஒரு பெண் வீறிட்டாள். இரண்டு பேர் எழுந்து வெளியே ஓடினார்கள்.

அக்காவின் கை தானாக இடுப்புக்குப் போனது. சாவி அங்கேதான் இருந்தது. காலையில் கேபிள் எடுக்கக் கொஞ்ச நேரம் திறந்து வைத்திருந்து, அவளே பூட்டிய ரூம். அந்தக் கட்டடத்தில் அதற்கு வேறு சாவி கிடையாது.

"கேமராக் கோளாறா இருக்கும்மா."

"கோளாறு எந்திரிச்சு நிக்குமாண்ணே?"

உருவம் நின்றுகொண்டே இருந்தது. ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். லேசாக நடுங்கியது, அவ்வளவுதான். நடுவர்களில் ஒருவரான அம்மாள் மானேஜரின் கையை இறுக்கிப் பிடித்திருந்தது மேலிருந்தே தெரிந்தது. மானேஜர் அதைவிட இறுக்கமாகப் பிடித்திருந்தார்.

பிறகு அது நகர்ந்தது. ஒவ்வோர் அடியாகக் கதவருகே போய்க் கையைத் தூக்கியது.

தொப். தொப். தொப்.

சத்தம் திரையிலிருந்து வரவில்லை. கட்டடத்துக்கு அடியிலிருந்து, தரை வழியாக வந்தது. அக்காவின் காலுக்குக் கீழே பலகை அதிர்ந்தது.

கீழே ஒருவர் நடுங்கும் குரலில் சொன்னார்: "சவுண்டுக்கே தனியா ஒரு விருது குடுக்கலாம்."

டார்ச் அண்ணன் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார். "நான் வரமாட்டேம்மா. எனக்கு அடுத்த மாசம் ரிட்டயர்மென்ட்."

அவளுக்கும் போகப் பிடிக்கவில்லைதான். ஆனால் தட்டலில் இப்போது ஒரு அவசரம் இருந்தது. செத்தவர்கள் இப்படிப் பதறித் தட்டுவார்களா? உள்ளே யாராவது மூச்சு முட்டித் தவித்தால்? பூட்டியது அவள் கை.

"டார்ச்சையாவது குடுங்க" என்று பிடுங்கிக்கொண்டு இறங்கினாள்.

நாற்பத்திரண்டு படிகள். ஒவ்வொன்றிலும் குலதெய்வத்துக்கு ஒரு வேண்டுதல். கதவை நெருங்கியதும் தட்டல் சட்டென்று நின்றது. அது இன்னும் மோசமாக இருந்தது. சாவி பூட்டில் நுழைய மறுத்து மூன்று தரம் வழுக்கியது. நாலாவது தரம் திரும்பியது.

கதவைத் தள்ளினாள். டார்ச் ஒளி நேராக அந்த வெள்ளை உருவத்தின் மேல் விழுந்தது. அவள் அலறினாள். உருவமும் அலறியது. மேலே அரங்கமே சேர்ந்து அலறியது.

உறை நழுவி விழுந்தது. ஏசிக் குளிரில் பல் தந்தியடிக்க நின்றுகொண்டிருந்தது இயக்குநர். தாடியெல்லாம் தூசி.

"எல்லாரும்... வீட்டுக்குப் போயிட்டாங்களா?" என்றார் கிசுகிசுப்பாக.

அவர் இங்கே எப்படி வந்தார் என்றுகூட அவளுக்குக் கேட்கத் தோன்றவில்லை. இவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்தது பொங்கிக்கொண்டு வந்தது.

"சார், என்னை மன்னிச்சிடுங்க சார்! நீங்க எத்தனை வருஷம் கஷ்டப்பட்டீங்களோ... உங்க படம் மொத்தத்தையும் நான் ஒரே அழுத்துல அழிச்சுட்டேன் சார்!"

மேலே கைதட்டல் இடி மாதிரி கேட்டது. இயக்குநர் கூரையைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

"எதைம்மா அழிச்சீங்க? நான் இன்னும் படமே எடுக்கலையே!"