நாலு கலர் பனியனும் என் விசிலும்

அன்னைக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். நாலு கலர்ல நாப்பது பனியன் வாங்கிட்டு வரணும்.

திருப்பூர்ல! பனியன்! இதுலகூடவா ஒருத்தி கோட்டை விடுவான்னு கேக்காதீங்க. நான் விட்டேன்.

நான் பெருமாநல்லூர் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துல பி.டி. டீச்சர். சொந்த ஊரு சிவகங்கை. எங்க கணக்கு வாத்தியாருக்கு ரொம்ப நாளா என் பீரியட் மேல ஒரு கண்ணு.

"சும்மா வெயில்ல ஓடறதுக்கு ஒரு பீரியட் எதுக்குங்க? எனக்குக் குடுத்தா அல்ஜீப்ராவை முடிச்சுப் போடுவேன்"னு ஹெச்.எம். காதுல ஓதிக்கிட்டே இருந்தாரு. அவங்களும் கடைசியில என்னைக் கூப்பிட்டு, "புதன்கிழமை ஆய்வுக்கு ஆபீசர் வர்றாருங்க. ஒரு மாடல் கிளாஸ் எடுத்துக் காட்டுங்க. நல்லா இருந்தா பீரியட் உங்களுக்கு. இல்லீன்னா கணக்குக்கு"ன்னுட்டாங்க.

எனக்கு மானப் பிரச்சினை ஆயிப்போச்சு.

உடனே போன்ல தேடுனேன். 'உடற்கல்வி ஆசிரியர்களுக்குப் பயனுள்ள கற்பித்தல் வளங்கள்'னு ஒரு பி.டி.எஃப். சிக்குச்சு. நூத்திச் சொச்சம் பக்கம். எழுதுன புண்ணியவான் மைதானத்தை டிவியில மட்டும்தான் பாத்திருப்பாரு போல. 'மாணவர்களைப் பசும்புல் தரையில் அமரச் செய்க'வாம். எங்க கிரவுண்டுல முளைக்கிறது நெருஞ்சி. உக்காந்தா எந்திரிக்கவே மாட்டாங்க. 'இருபது பந்துகளை எடுத்துக்கொள்க'வாம். எங்ககிட்ட இருக்கறது ரெண்டு. அதுல ஒண்ணுல காத்து நிக்காது.

அம்புட்டையும் புரட்டி ஒரே ஒரு விளையாட்டு தேறுச்சு. நாலு டீம், நாலு கலர் சட்டை, ஒரு பந்து. அவங்கவங்க கலருக்குத்தான் பாஸ் பண்ணணும். மாத்திப் போட்டா ஃபவுல்.

ஏழாங்கிளாஸ் கௌசல்யாவோட அம்மா ஒரு பனியன் கம்பெனியில செக்கிங் வேலை பாக்கறாங்க. "ரிஜெக்ட் ஆன பீஸ் நெறையக் கெடக்குதுங்க மிஸ். சூப்பர்வைசர்கிட்டச் சொல்லி வெக்கறேன், போய் எடுத்துக்கங்க"ன்னாங்க.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஸ்கூட்டியில போனேன். சூப்பர்வைசர் தங்கமான மனுசன். "நாலு கலர்தானுங்களே? கலருக்குப் பத்துன்னு நாலு பையில கட்டி வெச்சுட்டனுங்க"ன்னாரு.

பிரிச்சுப் பாத்தேனா? பாக்கலை. இலவசமாக் குடுக்கறதைச் சோதிச்சுப் பாத்தா மரியாதையா இருக்காதாம். மண்ணாங்கட்டி மரியாதை!

புதன்கிழமை காலையில முதல் பையைப் பிரிச்சேன். நீலம்.

ரெண்டாவது பை. நீலம். மூணாவது, நீலம். நாலாவது பையைக் கண்ணை மூடிக்கிட்டுப் பிரிச்சேன். அதுவும் நீலம்!

சூப்பர்வைசருக்குப் போன் போட்டேன். "என்னங்க, நாலும் நீலமா இருக்கு?"

"என்னங்க மேடம் இப்படிக் கேக்கறீங்க? நாலும் ஒரே கலரா இருந்தா ஆர்டர் குடுத்த பையர் எதுக்குங்க ரிஜெக்ட் பண்றாரு?"

நான் போனை வெச்சுட்டேன். வேற என்ன பண்றது?

ஆபீசர் வந்துட்டாரு. ஹெச்.எம். பக்கத்துல உக்காந்தாங்க. கணக்கு வாத்தியார் தன் நாற்காலியைத் தானே தூக்கிட்டு வந்து வேப்பமரத்தடியில போட்டாரு. அந்த மூஞ்சியில இருந்த சிரிப்பைப் பாக்கணுமே!

பைக்கு ஒரு டீம்னு பனியனைக் குடுத்து ஆட்டத்தை ஆரம்பிச்சேன். என் கண்ணுக்கு நாப்பதும் ஒரே டீம். குத்துமதிப்பா ஒரு விசில் அடிச்சேன்.

"ஃபவுல்! பிரகாசு, வேற டீமுக்கு ஏன்டா போட்டே?"

"இல்லீங்க மிஸ், அவன் எங்க டீமுங்க."

மறுபடியும் அடிச்சேன். "இல்லீங்க மிஸ், இவளும் எங்க டீமுங்க."

மூணாவது விசிலுக்கு கிரவுண்டே சிரிச்சுது. கௌசல்யா பக்கத்துல வந்து, பாவம் பாத்துச் சொல்ற மாதிரி சொன்னா: "மிஸ், இது கொஞ்சம் பச்சையடிக்குதுங்க. அது செவப்படிக்குதுங்க. அங்க பாருங்க, அது வெளுத்தாப்புல இருக்குது. தெரியலீங்களா?"

தெரியலைடி கண்ணு! சத்தியமாத் தெரியலை!

நாப்பது பிள்ளைங்கள்ல ஒண்ணுகூட பாஸை மாத்திப் போடலை. தப்புப் பண்ணுனது நான் மட்டும்தான்.

கணக்கு வாத்தியார் மரத்தடியில இருந்து கத்துனாரு: "ஏனுங்க மேடம், எனக்கு இங்கிருந்தே பளிச்சுன்னு தெரியுதுங்களே!" அவரு வீட்டம்மாவும் பனியன் கம்பெனிதான்.

ஆபீசர் எந்திரிச்சு வந்தாரு. ரெண்டு பசங்களைக் கூப்பிட்டு வெயில்ல பக்கத்துல பக்கத்துல நிக்க வெச்சுப் பாத்தாரு. "வேற வேற லாட்டுல சாயம் போட்டதுங்க. எங்க தம்பி சாயப்பட்டறை வெச்சிருக்கானுங்க"ன்னாரு.

ஊருக்கே வித்தியாசம் தெரிஞ்சிருக்கு. இதுக்கு மேல என்ன இருக்கு, பீரியட் போச்சுன்னு முடிவு பண்ணிட்டேன்.

அவரு ஹெச்.எம். பக்கம் திரும்புனாரு. "கண்ணும் காலும் சேந்து வேலை செய்யற இந்த மாதிரி கிளாஸை நான் எங்கயும் பாத்ததில்லீங்க. இந்தப் பீரியடை யாரும் தொடக் கூடாதுங்க."

கணக்கு வாத்தியார் நாற்காலியைத் தூக்கிட்டு நடையைக் கட்டுனாரு. நான் அப்பத்தான் மூச்சே விட்டேன்.

ஆபீசர் கிளம்பறப்ப என்கிட்ட மட்டும் மெதுவா, "விசிலை மட்டும் கலர் தெரியற ஆளுகிட்டக் குடுத்துருங்க"ன்னு சொல்லிட்டுப் போனாரு.

பீரியட் இப்பவும் என்கிட்டதான் இருக்கு. விசில் கௌசல்யாகிட்ட.