ஒப்பும் சீலுமாக ஓர் இணைப்பு

இணைப்பாளர் என்றொரு இனம் இருக்கிறது, உங்களுக்கும் தெரிந்திருக்கும். மின்னஞ்சல் குழுவில் இருநூறு பேருக்கு வணக்கம் சொல்வதென்றாலும் வெறுங்கையோடு வரமாட்டார். பனி சொட்டும் ரோஜாப்பூ ஒன்று, சர்க்கரை நோய்க்கு நாற்பது பக்கம், மகன் கல்யாணப் பத்திரிகையின் இரண்டு பக்கமும் என்று எதையாவது கோத்துத்தான் அனுப்புவார். யார் கேட்டார்கள்? யாரும் கேட்கவில்லை.

பெருமாட்டி ஊர்த் தென்னை விவசாயிகளின் குழுவுக்கு வாய்த்தவர் ரத்தினசாமி. ஒரு சங்கத்தில் முப்பது வருடம் செயலாளராக இருந்து, ஓய்வு பெறும்போது முத்திரையையும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டவர். வாய்க்கால் தண்ணீர் எந்தத் தோப்புக்கு எந்த நாள் என்பதை அந்தக் குழுவில்தான் சொல்வார்கள். இவர் அனுப்பிய பாரத்தில் பலருடைய அஞ்சல் பெட்டி நிரம்பிவிட, குழுவைப் பார்த்துக்கொள்ளும் செல்வப்பிரியா, “இனி யாரும் இணைப்பு அனுப்ப வேண்டாம்” என்று ஒரு வரி எழுதினாள். ரத்தினசாமிக்கு அது ரொம்பவே பிடித்துப்போயிற்று. அந்த வரியை அச்செடுத்து, அடியில் “முழுமனதோடு ஆதரிக்கிறேன்” என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, படமெடுத்து, இருநூறு பேருக்கும் இணைப்பாக அனுப்பினார்.

செல்வப்பிரியா போனில் பிடித்தாள். “ஏனுங்க மாமா, அதையே சும்மா ஒரு வரி டைப் பண்ணிப் போட்டா ஆகாதுங்களா?”

“ஒப்பும் சீலும் இல்லாத கடுதாசிய எந்த ஆபீஸ்ல அம்மிணி வாங்குவாங்க?”

அடுத்த மாதம் அவருடைய பெட்டியே நிரம்பியது. தன் பொக்கிஷங்களை அழிக்க மனம் வருமா? கூட ஒன்றும் கோக்காமல் வந்த கடிதங்களாகப் பொறுக்கியெடுத்து, ஒன்றையும் திறக்காமல் அழித்தார். அவற்றில் ஒன்று செல்வப்பிரியாவின் ஒற்றை வரி: உங்கள் தோப்புக்குத் தண்ணீர் வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு.

வெள்ளிக்கிழமை தண்ணீர் வந்தது. மடையைத் திறக்க ஆளில்லை. அடுத்த தோப்புக்குப் போய்விட்டது. மறுமுறை வர இருபது நாள். பங்குனி வெயிலில் அறுபது தென்னம்பிள்ளைகள் கருகி நின்றதைப் பார்த்து மனிதர் கண்கலங்கிவிட்டார். பாவமாகத்தான் இருந்தது.

“எனக்கு மட்டும் ஏன் அம்மிணி சொல்லாம உட்டுட்டே?”

“அனுப்புனனுங்களே மாமா. ஒத்த வரிதானுங்க. ரோசாப்பூ வைக்க மறந்துட்டனுங்க.”

அவர் திருந்தினாரா? பணம் கட்டிப் பெட்டியைப் பெரிதாக்கி, கருகிய அறுபது பிள்ளைகளையும் தனித்தனியே படமெடுத்து, ஒப்பும் சீலும் வைத்த புகாரோடு பத்துத் தவணையாகக் குழுவுக்கு அனுப்பினார்.

சிரிக்கிறீர்கள். உங்கள் குழுவிலும் இப்படி ஒருவர் உண்டு, இந்தப் பக்கத்தைப் படமெடுத்து அவருக்கு அனுப்பலாம், அவருக்கு மட்டும் ஏன், எல்லோருக்குமே அனுப்பலாம் என்று போனைக் கையில் எடுத்துவிட்டீர்களே! அதைக் கொஞ்சம் கீழே வையுங்கள்.