ஒரு ரூமுக்கு நாலு பேர்

சிவகாசி வட்டாரத்திலேயே தீக்குச்சிக்குப் பயப்படுகிற ஒரே மனிதர் கலர் அண்ணாச்சிதான். பட்டாசு கம்பெனியில் முப்பது வருடம் மருந்து கலக்கியவர். பேரியம் என்றால் பச்சை, செம்பு என்றால் நீலம், ஸ்ட்ரான்சியம் என்றால் சிவப்பு என்று எல்லாம் அவருக்கு அத்துப்படி. புருவம் இரண்டும் எப்போதோ கருகிவிட்டதால், அவர் கோபமாக இருக்கிறாரா சிரிக்கிறாரா என்றே கண்டுபிடிக்க முடியாது.

2009இல் நான் கல்லூரி ஆய்வகத்தில் ஆராய்ச்சி மாணவன். பட்டாசு மருந்தைச் சோதிக்கக் கொண்டுவந்த அண்ணாச்சி, புற ஊதா விளக்கடியில் சிவப்பாக ஒளிர்ந்த என் சீசாவைப் பார்த்துவிட்டார்.

"என்ன தம்பி, ஸ்ட்ரான்சியமா?"

"தங்கம் அண்ணாச்சி."

"தங்கம் எங்கன கலர் குடுக்கும்? யார்கிட்ட கதை விடுதீக?"

கண்ணுக்கே தெரியாத தங்கத் துகள். புற்றுநோய்ச் செல்லில் போய் ஒட்டிக்கொண்டு இடத்தைக் காட்டிக்கொடுக்கும். கூடவே மருந்தையும் சுமந்து போகும் என்று பெருமையாக அளந்தேன். அண்ணாச்சி அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அவர் மனைவிக்கு மார்பில் கட்டி. அந்த அம்மா ஒரு வருடம் வெளியே சொல்லவே இல்லை.

"அவளுக்கு எப்பக் குடுப்பீக?"

"இன்னும் தட்டில் வளர்க்கிற செல்லுக்குத்தான் அண்ணாச்சி. மனுசருக்கு வர பத்துப் பதினைஞ்சு வருசம் ஆகும்."

"டாக்டர் ஆறு மாசம்னுல்ல சொல்லுதாரு. சீசனுக்குள்ள ஆர்டர் முடியலேன்னா நாங்க ஆளைக் கூட்டிப் போடுவோம். நான் வாரேன்."

வந்தேவிட்டார். ஞாயிறுதோறும் சீசா கழுவினார். எங்களையும் பட்டாசு கம்பெனிச் சட்டத்துக்குள் கொண்டுவந்தார். பாலியஸ்டர் சஃபாரியில் வந்த பேராசிரியரை, "தீப்பொறி பறக்கும் சார், பருத்தி போட்டுட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பினார். ஐந்தாவதாக யார் நுழைந்தாலும், "ஒரு ரூமுக்கு நாலு பேருதான், வெளிய நில்லுங்க" என்று விரட்டினார். வெடிக்க அங்கே ஒன்றுமில்லை. ஆனால் அவர் வருவதால் எதுவும் சீக்கிரம் முடியாது என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

தீபாவளிக்கு முந்தின வாரம் அந்த அம்மா இறந்துபோனார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த ஞாயிறு, மொட்டைத் தலையோடு வந்து குழாயைத் திறந்தார்.

"அண்ணாச்சி, இனிமே எதுக்கு..."

"அவ ஆர்டர் லேட்டாயிருச்சு. அடுத்த வீட்டுக்காரிக்காவது நேரத்துக்குப் போகட்டும். சீசாவை எடுங்க." அன்று அந்த முகத்தில் என்ன இருந்தது என்று கண்டுபிடிக்கப் புருவம் தேவைப்படவில்லை.

அண்ணாச்சியும் இப்போது இல்லை. எங்கள் துகள் இன்னும் தட்டைத் தாண்டவில்லை. ஆனால் ஆய்வகத்தில் ஐந்தாவதாக யாராவது நுழைந்தால், நான் எழுந்து வெளியே போய் நிற்கிறேன்.