எதிர்வீட்டுச் சாட்சி

கட்டிலின் தலைமாட்டை எலெயுதேரியோவும் கால்மாட்டை ஃபோர்துனாத்தாவும் பிடித்து, எதிர்வீட்டுக்குள் திணித்தார்கள்.

"சீக்கிரம் புடிடி! பட்டா ஆபீசர் மலையேறிட்டாராம்."

பெரு நாட்டு லிமா நகரின் ஓரத்து மணல்மலையில், ஆள் குடியிருக்கும் வீட்டுக்குத்தான் பட்டா. எதிர்வீட்டு வில்ஃப்ரேதோவோ தெற்கே செம்புச் சுரங்கத்தில் இருந்தான்.

"பாவம், வீடு பறிபோயிடும். இன்னைக்கு மட்டும் நீங்க அவரா இருந்துடுங்க" என்று யோசனை சொன்னதே ஃபோர்துனாத்தாதான். பதினேழு வருஷமாக எலெயுதேரியோவோடு வாழ்கிறவள். கல்யாணம் மட்டும் எப்போதும் 'அடுத்த வருஷம்'. சூப்பில் உப்பு கூடினால் "என் வீட்டை விட்டுப் போடி" என்பான். அந்த மலைக்குத் தண்ணீர் சுமந்து ஏறிய தோள் அவளுடையது. இருந்தும் அடுத்த வேளை சூப்பை அடுப்பில் ஏற்றுவாள்.

அடுப்பு, நாற்காலி, சட்டி எல்லாம் போனபின்தான் தன் வீடு காலியாகக் கிடப்பது அவனுக்கு உறைத்தது. நாற்காலியைத் தூக்கிக்கொண்டு திரும்பி ஓடினான். தெருவிலேயே ஆபீசர் மடக்கினார்.

"யாருய்யா நீங்க?"

"வில்ஃப்ரேதோ. எதிர்வீடு."

"நாற்காலி?"

"அந்தம்மாவுக்கு… இரவல் சார்."

ஆபீசர் அவனோடு அந்தக் காலி வீட்டுக்குள் நுழைந்தார். ஒரு பாய் மட்டும் கிடந்தது; பக்கத்தில் ஃபோர்துனாத்தா.

"வீட்டுல ஆம்பள யாரும்மா?"

"யாருமில்ல சார். தனிக்கட்டை."

எலெயுதேரியோ இருமினான்.

"கட்டில்கூட இல்லையா?"

"இல்ல சார். இவர்தான் அப்பப்போ நாற்காலி குடுப்பார்."

ஆபீசருக்கு மனம் இளகியது. "எதிர்வீட்டுக்காரரே, இந்தம்மாதான் இங்க குடியிருக்காங்களா? சாட்சிக் கையெழுத்துப் போடுங்க. பட்டாவை இவங்க பேருக்கே எழுதிடறேன்."

உண்மையைச் சொன்னால் ஆள்மாறாட்டம். இரண்டு வீடும் போய்விடும். ஃபோர்துனாத்தா அவன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவனுக்கு ஏனோ அந்தத் தண்ணீர்க் குடங்கள் நினைவுக்கு வந்தன. வில்ஃப்ரேதோ என்று கையெழுத்திட்டான்.

போகட்டும், நண்பன் வீடாவது தப்பித்தது என்று மனத்தைத் தேற்றிக்கொண்டான்.

"சார், அப்படியே என் வீட்டையும் வந்து பாத்துடுங்க."

ஆபீசர் காகிதக் கட்டைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"உங்க வீட்டுக்குத்தான் போன மாசமே பட்டா குடுத்தாச்சே! சுரங்க வேலையில இருக்கேன்னு நீங்க எழுதின கடுதாசியோட இந்தம்மாதானே ஆபீசுக்கு வந்து வாங்கிட்டுப் போனாங்க… சொல்லலையா?"