ஒருமுழ வீரனின் நான்கு வாசகர்கள்

கிழமையை நான் தப்பாகச் சொல்லக்கூடும். கூட்டம் நடந்தது ஞாயிறு என்றுதான் நினைவு. ஆனால் என் நினைவை நானே அவ்வளவாக நம்புவதில்லை. நான்கு கடிதங்கள் வந்தன, நான்கும் ஒரே ஆளுக்கு வந்தன என்பதில் மட்டும் சந்தேகமில்லை.

அந்த ஆள் லிஃப்ட் மெக்கானிக். நாளெல்லாம் லிஃப்ட் ஓடும் இருட்டுக் குழிக்குள் தனியாக நின்று வேலை பார்ப்பவர். அங்கே பேச ஆள் இல்லாததால் கருத்துகள் அவருக்குள்ளேயே ஊறிக்கொண்டிருந்தன. எல்லாமே 'ஒருமுழ வீரன்' என்ற மாதாந்திர காமிக்ஸைப் பற்றியவை. அதன் நாயகன் பறப்பான். ஆனால் தரையிலிருந்து ஒரு முழத்துக்கு மேல் எழும்ப மாட்டான். மூன்றாம் மாடியில் திருடன் புகுந்தால் அவனும் லிஃப்டுக்குக் காத்துதான் நிற்க வேண்டும்.

'தான் ஒரு சிரிப்பு வீரன் என்பது அவனுக்குத் தெரியவே கூடாது. தெரிந்த அன்றே கதை செத்தது.' இது மெக்கானிக்கின் தலையாய கருத்து. இதையே ஒருவர் மாதாமாதம் எழுதினால் யார் போடுவார்கள்? அதனால் நான்கு பெயர்களில், சொந்தக்காரர்களின் முகவரிகளையும் கடன் வாங்கி எழுதினார். 'சாதா ரசிகன்' அவரேதான். 'இரு பிள்ளைகளின் தாய்' புகழ்ந்து தள்ளுவாள். 'ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்' தர்க்கப் பிழை கண்டுபிடிப்பார். 'கடுப்பன்' மட்டும் இந்தக் குப்பையை நிறுத்து என்று திட்டுவான். சண்டை இருந்தால்தானே கடிதப் பக்கம் களைகட்டும்?

நால்வருக்கும் எதிராக ஐந்து பேர் எழுதினார்கள். அவர்களில் முக்கியமானவர் 'பூதக்கண்ணாடி'. வீரன் ஒரு தடவையாவது மொட்டைமாடிவரை பறக்க வேண்டும் என்று ஆறு வருடமாக அடம்பிடிப்பவர். முகம் தெரியாத அந்த எதிரிமேல் மெக்கானிக்குக்குக் கோபம் எவ்வளவோ, மரியாதையும் அவ்வளவு.

இப்போது கடிதத்துக்கு வருகிறேன். 'முதலாளி இதழை நிறுத்த நினைக்கிறார். வாசகர்களை நேரில் பார்த்துத்தான் முடிவு செய்வாராம். ஞாயிறு பத்து மணிக்கு அச்சகத்துக்கு அவசியம் வரவும். எடிட்டர்.' நான்கு முகவரிக்கும் ஒரே வாசகம்.

"நாலு பேரும் போயாகணும்," என்றார் மெக்கானிக்.

"நாலு பேரும் நீங்கதானே?" என்றாள் மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மனைவி.

"அதான் பிரச்சினை. நீ தாயா வந்துடு."

"ரெண்டு பிள்ளைன்னு எழுதியிருக்கீங்க. நமக்கு ஒண்ணுதானே?"

"இன்னொண்ணு ஊருக்குப் போயிருக்குன்னு சொல்லு."

தலைமையாசிரியராக மனைவியின் தம்பி மாட்டினான். ஜிம்மில் பயிற்சி கொடுப்பவன். வயது இருபத்தெட்டு.

"வயசு இடிக்குதே மச்சான்?"

"தலைக்குப் பவுடர் போட்டுக்கடா."

கடுப்பனுக்குத்தான் ஆள் கிடைக்கவில்லை. "அவன் வரலேன்னா என்ன? மூணு பேர் போதாதா?" என்றாள் மனைவி.

"மாசம் தவறாம எழுதுறவன் வரலேன்னா சந்தேகம் வந்துடும்."

மூலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த மாமனார் நிமிர்ந்தார். காமிக்ஸ் என்றாலே அவருக்கு ஆகாது. "மாப்பிள்ளை, அந்தக் குப்பைய நிறுத்தணும்னு நான் சொல்லணும். அவ்வளவுதானே?"

"ஆமா மாமா. ஆனா லேசா."

"நீங்க எழுதியே தர வேணாம். எல்லாம் மனசுல இருக்கு." ஒன்பது வருடத்தில் முதல் முறையாக அவர் மருமகனைப் பாசத்தோடு பார்த்தார்.

ஞாயிறு காலை அச்சகத்து வாசலில் மைத்துனன் ஹெல்மெட்டைக் கழற்றினான். பவுடர் மொத்தமும் ஹெல்மெட்டுக்குள்ளேயே ஓய்வு பெற்றிருந்தது.

"உடம்பு முடியாம சீக்கிரமே ஓய்வு வாங்கிட்டேன்னு சொல்லிக்கிறேன் மச்சான்," என்றான். சொன்னவன் தோள் சட்டையைக் கிழிக்கப் பார்த்தது.

மூன்றாம் மாடி அறையில் இரண்டு வரிசை நாற்காலிகள். எதிர்வரிசையில் ஐந்து பேர். நடுவில் உட்கார்ந்திருந்த அம்மாதான் பூதக்கண்ணாடி என்றார்கள். அவர் நகங்களில் பசை காய்ந்திருந்தது. 'வெட்டி வெட்டி ஆல்பத்தில் ஒட்டுகிறார்! ரசிகை என்றால் இவர்தான்,' என்று மெக்கானிக் உருகினார். எடிட்டர் உள்ளே வந்ததும் அந்த வரிசை முழுக்க எழுந்து நின்றது. 'என்ன மரியாதை!'

கடைசியாக வந்த முதலாளி கையைக் கட்டிக்கொண்டு, "சொல்லுங்க, ஏன் நிறுத்தக் கூடாது?" என்றார்.

மனைவி எழுந்தாள். படபடப்பில் கடை ஞாபகம் வந்துவிட்டது. "நாங்க காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு படிக்கிறோம் சார். சாப்பிட்ட பிறகுதான்."

தலைமையாசிரியர் எழுந்து, எல்லாரும் முதுகை நிமிர்த்தி உட்காருமாறு கேட்டுக்கொண்டார்.

பிறகு மாமனார். "ஒரு முழம் பறக்கறதெல்லாம் ஒரு பறத்தலா? கொசு இதைவிட மேல பறக்குது!"

முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். "சரியாச் சொன்னீங்க ஐயா!" எடிட்டரின் முகம் வெளுத்தது.

"மாமா, போதும்," என்று மெக்கானிக் காதைக் கடித்தார்.

"இருங்க மாப்பிள்ளை!"

முதலாளியின் சிரிப்பு நின்றது. "மாப்பிள்ளையா?"

"எல்லாரையும் அப்படித்தான் சார் கூப்பிடுவாரு," என்றார் மெக்கானிக்.

"ஆமா மாப்பிள்ளை," என்றார் மாமனார், முதலாளியைப் பார்த்து. "நீங்க உடனே இதை நிறுத்திடுங்க."

முதலாளி எழுதுகோலை எடுத்தார். அறையில் லிஃப்ட் குழியில் கேட்கும் அதே அமைதி. அந்த அமைதிக்குள் நின்றுதான் மெக்கானிக்குக்குப் பழக்கம். எழுந்தார்.

"சார், நான் லிஃப்ட் வேலை பாக்கறவன். மேல போறவங்களையும் பாத்திருக்கேன், நடுவுல மாட்டிக்கிட்டவங்களையும் பாத்திருக்கேன். ஒரு முழம்தான் முடியும்னு தெரிஞ்சும் தினம் போர்வையக் கட்டிக்கிட்டுக் கிளம்பறான் பாருங்க, அவன்தான் வீரன். அவனுக்கு அது சிரிப்பில்ல. அதனாலதான் நமக்குச் சிரிப்பு வருது. மொட்டைமாடிக்குப் பறந்துட்டான்னா அப்புறம் அவன் வேற யாரோ!"

எதிரே அந்த அம்மா கையிலிருந்த சீட்டைப் பார்த்தார். மடித்து இடுப்பில் செருகினார். "அதெப்படிங்க? ஒரு தடவைகூடவா கூடாது? ஆசைன்னு ஒண்ணு இருக்காதா அவனுக்கு?"

"ஆசை இருக்கட்டும்மா. பறக்கத்தான் கூடாது!"

"என்ன கல்மனசு சார் உங்களுக்கு!"

அரைமணி நேரம் நடந்தது சண்டை. முடிவில் மாமனார் நாற்காலியை விட்டுத் துள்ளினார். "அந்தம்மா சொல்றதுதான் சரி! பறந்துட்டுப் போகட்டுமே பாவம்!"

முதலாளி எழுதுகோலை மூடினார். "குப்பைன்னு சொன்னவரே அவனுக்காகப் பரிஞ்சு பேசறாரே. நிறுத்த வேணாம்."

கீழே போகும் லிஃப்டில் மெக்கானிக்கும் அந்த அம்மாவும் மட்டும் இருந்தார்கள். மெக்கானிக் கைகூப்பினார். "ஆறு வருஷச் சண்டைம்மா. நேர்ல பாத்ததுல ரொம்ப சந்தோஷம்."

அந்த அம்மா குரலைத் தாழ்த்தினார். "நல்லாப் பேசினீங்க சார். எனக்கு எடிட்டர் நேத்துதான் சீட்டு எழுதிக் கொடுத்தாரு. பூதக்கண்ணாடியோட சேத்து அஞ்சு பேர் கடிதமும் அவரே எழுதிக்கறதுதானாம். நாங்க அஞ்சு பேரும் இங்கேயே பைண்டிங் பிரிவு. நீங்க நாலு பேரும் எந்தப் பிரிவு?"

மெக்கானிக் கூப்பிய கைகளை இறக்கினார்.

"வாசகர் பிரிவு," என்றார்.

"அப்படி ஒண்ணு இருக்கா? அங்க எத்தனை பேரு?"

"நான் ஒருத்தன்தான்."

இதழ் இன்னும் வருகிறது. தனக்கு நான்கு வாசகர்கள் இருப்பதாக எடிட்டர் நம்பிக்கொண்டிருக்கிறார். மைத்துனன் ஹெல்மெட்டை மாற்றிவிட்டான். மாமனார் இப்போதும் குப்பை என்றுதான் சொல்கிறார், படித்துவிட்டு. எதற்காக அவ்வளவு சண்டை போட்டோம் என்று தெரிந்துகொள்ள அந்த அம்மா அன்று ஓர் இதழை வீட்டுக்கு எடுத்துப் போனார். பூதக்கண்ணாடியின் கடிதங்களை இப்போது அவரேதான் எழுதுகிறார். வீரன் ஒரு முழம்தான் பறக்கிறான்.