மூக்குச் சான்றிதழ்

ஊழியர்கள் மேசையில் தூங்கி வழியக் காரணம் வெக்கையும் அல்ல, வேலையும் அல்ல. இரவில் வாயால் மூச்சு விடுவதே என்று மூன்று நாள் பயிற்சி முகாமில் ஞானம் பெற்றுத் திரும்பினார் இயக்குநர். மறுநாளே சுற்றறிக்கை: "ஊழியர்கள் உறக்கத்தில் மூக்கால் மட்டுமே சுவாசிக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்." உதட்டில் ஒட்ட ஆளுக்கொரு சுருள் பிளாஸ்திரியும் வந்தது.

பதிவறை எழுத்தர் பதினோரு வருடமாகத் தற்காலிகம். நிரந்தர ஆணை கையெழுத்துக்குப் போகிற நேரம் பார்த்தா இந்தப் பிடுங்கல் வரவேண்டும்? முப்பது இரவுக்கு மூக்குச் சான்றிதழ் இணைத்தால்தான் கோப்பு நகரும். மனுஷனுக்கோ பிறவியிலேயே மூக்கடைப்பு.

"தூங்கும்போது எதால விட்டேன்னு எனக்கு எப்படி சார் தெரியும்?" என்று கண்காணிப்பாளரைக் கேட்டார்.

"உங்களுக்கு எதுக்குத் தெரியணும்? மணிக்கு ஒரு தடவை பார்த்து சாட்சி கையெழுத்துப் போட வீட்ல ஆள் இல்லையா?"

இருந்தார். அதே அலுவலகத்தின் தபால் பிரிவில் வேலை பார்க்கும் மனைவி. ஒரு வாரம் கண்விழித்துக் கையெழுத்துப் போட்டவர், எட்டாம் நாள் மேசையில் சாய்ந்தார். உடனே அவருக்கும் குறிப்பாணை: வாய்வழிச் சுவாசம் என ஐயம், கணவர் சாட்சியோடு சான்றிதழ் தரவும்.

"நான் உங்களைப் பார்க்கணும், நீங்க என்னைப் பார்க்கணும். அப்போ யாருங்க தூங்குறது?"

"தூங்கணும்னு சுற்றறிக்கைல எங்கேயும் போடலையே!"

பதினோரு வருட அனுபவம் சும்மா போகுமா? இருவரும் விடிய விடிய எதிரெதிரே உட்கார்ந்து எழுதினார்கள்: "உறக்கத்தில் ஒருமுறைகூட வாயால் சுவாசிக்கவில்லை." அதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. விஷயம் பரவி, அலுவலகமே அப்படி எழுதியது. சிறந்த உறக்கத்துக்கான விருதும் கிடைத்தது.

இயக்குநர் பூரித்துப்போய் நிரந்தர ஆணையில் கையெழுத்திட்டார். அன்றுதான் கடைசி நாள்; மாலை ஐந்துக்குள் அது தபாலில் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை. தபால் பிரிவில் மனைவி அதன்மேல்தான் தலைவைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். ஆணை காலாவதி. எழுத்தர் அந்த அடைத்த மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதார்.

எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? அன்று ஒரு மனுவோடு தபால் பிரிவின் மூன்றாம் எண் ஜன்னலில் நின்றது நான்தான். உள்ளே யாராவது எழுந்திருக்கட்டும் என்று லேசாக இருமினேன்.

"சத்தம் போடாதீங்க சார், விருது வாங்கின ஆபீஸ்" என்று காவலாளி அதட்டினார். என் மனுவைப் புரட்டிப் பார்த்தார். "மூக்குச் சான்றிதழ் எங்கே? இப்போ பொதுமக்களும் வைக்கணும்."

சண்டை போட்டிருக்கலாம். போடவில்லை. படிவத்தை வாங்கிக்கொண்டு நேராக வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன்:

"இன்னைக்கு ராத்திரி நீ தூங்காதே."